சொல்லாமல் போகும் பாகங்கள்: 2,27,000 கிலோமீட்டர் ஓடிய ஃபிகோவும் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறையும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பிச் சிறிது தூரம் போனால், ஒரு சந்துக்குள் வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே நாலு வண்டி நிற்கலாம். ஐந்தாவது வந்தால் சந்தில்தான் நிறுத்த வேண்டும். நடத்துகிறவரைப் பையன்கள் மாஸ்டர் என்கிறார்கள், நான் அண்ணன் என்கிறேன். 2025 செப்டம்பர் கடைசியில் என்னுடைய 2010 ஃபோர்டு ஃபிகோ டீசலை இவரிடம் விட்டு, 46,200 ரூபாய்க்கு வேலை செய்ய வைத்தேன். அன்றைக்கு மீட்டரில் இருந்தது 2,27,400 கிலோமீட்டர். வண்டி எங்கும் நிற்கவில்லை, எதுவும் உடையவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாகங்களைத்தான் கழற்றிப் புதிது போட்டோம். அந்த முடிவு சரியா, இந்தப் பட்டறை எப்படி என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. வீடு செங்கல்பட்டில். மதுராந்தகம், திண்டிவனம், காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் கழியும். ஃபிகோ 2010 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது, நான் அதே வருடம் நவம்பரில் கடன் போட்டு எடுத்தேன். 1.4 லிட்டர் டீசல், இன்டர்கூலர் இல்லாத சாதாரண டர்போ, எட்டு வால்வு, எழுபது குதிரைசக்திகூடக் கிடையாது. ஆனால் 160 நியூட்டன் மீட்டர் இழுவை கீழ் வேகத்திலேயே கிடைத்துவிடும். திருவண்ணாமலை சாலையில் லாரியை முந்த அது போதும். என் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் மறைமலை நகர் ஆலையில்தான் இது செய்யப்பட்டது. சென்னைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த ஆலை வாசலைக் கடந்துதான் போவேன்.

2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அன்று மாலையே என் சித்தப்பா போன் செய்து, “வித்துடுப்பா, இனிமே ஸ்பேர் கிடைக்காது” என்றார். சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. என் அனுபவத்தில் நாலு வருடமாக அது அப்படித்தான் இருக்கிறது. அதிகபட்சம் ஒரு வாரம் காத்திருந்திருக்கிறேன். பழைய ஃபிகோ வைத்திருப்பவர்கள் இதற்காகப் பயந்து அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

சரி, இப்போது ஏன் இவ்வளவு செலவு? மூன்று காரணங்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. நவம்பரில் வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிகிறது, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் பக்கம் எல்லாரும் இதை எஃப்.சி. என்றுதான் சொல்வார்கள். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு இந்தக் கட்டணம் 5,000 ரூபாய், அதற்கு மேல் பசுமை வரி தனி. அடுத்தது, செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வீட்டில் எல்லாரும் புது கார் கனவில் இருந்தார்கள். மூன்றாவது காரணம் என் மகள். திருநெல்வேலியில் கல்லூரி சேர்ந்திருக்கிறாள். செமஸ்டருக்கு ஒரு முறையாவது அறுநூறு கிலோமீட்டர் பக்கம் போய்த் திரும்ப வேண்டும், பெரும்பாலும் இரவில்.

விலை விசாரித்தேன். ஒரு பழைய கார் வியாபாரி 85,000 தருவதாகச் சொன்னார். அப்புறம் வேறொரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டினேன். இரண்டு பக்கம் அச்சடித்த மதிப்பீட்டைக் கையில் கொடுத்தார்கள், மொத்தம் 1,14,000. டைமிங் கிட், வாட்டர் பம்ப், கிளட்ச் செட், நாலு இன்ஜெக்டரும் ரீகண்டிஷன், நாலு குளோ பிளக், எஞ்சின் ஃப்ளஷ், சஸ்பென்ஷன் முழு செட், ஏ.சி. கூலிங் காயில், பேட்டரி என்று வரிசையாகப் போயிருந்தது. எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தது ஐந்து நிமிடம் இருக்கும். எதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால், “ரெண்டு லட்சம் தாண்டிடுச்சு சார், எல்லாமே மாத்தணும்” என்பதுதான் பதில். 85,000 ரூபாய் வண்டிக்கு 1,14,000 போடு என்று ஒரு காகிதம் சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். அன்று இரவு புது கார் வாங்கிவிடுவது என்று முக்கால்வாசி முடிவு செய்தேன். ஆறு லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் 12,455 ரூபாய். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் தூக்கம் போனது.

மறுநாள் எங்கள் ஏரியா பிரதிநிதி ஒருவர் சொல்லித்தான் வேப்பமரத்தடிப் பட்டறைக்குப் போனேன்.

அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். பதினாலு வருடம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருந்துவிட்டு வெளியே வந்தவர். அச்சடித்த மதிப்பீட்டை நீட்டினேன். வாங்கிப் படிக்காமல் மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, “இது இருக்கட்டும் சார். உங்க வண்டி எப்படியெல்லாம் ஓடுது, அதச் சொல்லுங்க” என்றார். எவ்வளவு கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறேன், டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது, கூலன்ட் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது, காலையில் முதல் ஸ்டார்ட் எப்படி, மலை ஏறுவேனா, இரவில் யாரோடு போவேன் என்று கேட்டார். கடைசிக் கேள்வியை எந்த மெக்கானிக்கும் என்னிடம் கேட்டதில்லை.

பழைய பில்களை ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். ஆயில் எட்டாயிரத்துக்கு ஒருமுறை, டைமிங் பெல்ட் 2017-இல், 1,04,000-இல் மாற்றியது. அவர் அந்த ஒரு பில்லை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார்.

அப்புறம் இரண்டு மணி நேரம் வண்டியைப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, வாயில் கையை வைத்துப் புகை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தார். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி, நாலு சின்னக் குப்பிகளில் நாலு டியூப் விட்டு, ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டார். உள்ளுக்குள் தேய்ந்துபோன இன்ஜெக்டர், எஞ்சினுக்குள் தெளிப்பதை விட்டுவிட்டு டீசலை அதிகமாகத் திருப்பி அனுப்பும். எந்தக் குப்பி வேகமாக நிரம்புகிறதோ அது சரியில்லை என்று அர்த்தம். மூன்று குப்பிகள் ஒரே மட்டம், இரண்டாவது மட்டும் ஒரு விரல் கூட. “இது இன்னும் இருபதாயிரம் ஓடட்டும். அப்ப மறுபடி குப்பி வச்சுப் பார்ப்போம்” என்றார். பெரிய ஒர்க்‌ஷாப் மதிப்பீட்டில் நாலு இன்ஜெக்டருக்கு 28,000 போட்டிருந்தார்கள்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்களை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தார். பின்சக்கர டிரம்மைக் கழற்றிக் காட்டினார். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் விரலைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நடுவில் ஒரு கோடு போட்டார். இடது பக்கம் ‘சொல்லாம போறது’, வலது பக்கம் ‘சொல்லிட்டுப் போறது’.

“வயசான வண்டில ரெண்டே ஜாதிதான் சார். சில பாகம் மாசக்கணக்குல சத்தம் போட்டு, ஆடி, அசைஞ்சு உங்களக் கூப்பிட்டுட்டே இருக்கும். அதுக்கு அவசரம் இல்ல. இன்னொண்ணு, நேத்து வரைக்கும் நல்லா இருக்கும், இன்னைக்கு போயிடும். போகும்போது பக்கத்துல இருக்கறதையும் சேர்த்து எடுத்துட்டுப் போகும். நான் அதுக்குத்தான் உங்ககிட்ட காசு கேப்பேன்.”

இந்த ஒரு கோட்டுக்காகவே இந்தப் பட்டறைக்கு மறுபடி போவேன். கிலோமீட்டரையும் வண்டியின் விலையையும் வைத்துக்கொண்டு நான் ஒரு வாரமாகக் குழம்பியதை அவர் ஒரு காலண்டர் தாளில் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

இது எனக்கு உடனே பிடிபட்டதற்குக் காரணம் 2019-இல் செஞ்சி பக்கம் நடந்த ஒன்று. அம்மாவோடு திருவண்ணாமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன், இரவு ஒன்பதரை மணி. வெப்பமானி முள் சட்டென்று ஏறியது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் பிளந்து ஆவி. அந்த ஹோஸ் அப்போது ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. ஆனால் முள்ளைக் கவனிக்க எனக்குச் சில நிமிடம் தாமதமாகிவிட்டது. ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டை இறக்கி லேத்தில் முகம் சமன் செய்து மாட்டியதில் 24,000 ஆனது. பணத்தைவிட, புளியமரத்தடி இருட்டில் அம்மா இரண்டரை மணி நேரம் காத்துக்கொண்டிருந்ததுதான் இன்றும் மனதில் நிற்கிறது. அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. “ஒண்ணும் இல்லப்பா, காத்து நல்லா இருக்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணனின் இடது பக்கப் பட்டியலில் முதலில் இருந்தது டைமிங் பெல்ட். இந்த எஞ்சினில் செயின் கிடையாது, பல் வைத்த ரப்பர் பெல்ட்தான் பிஸ்டன்கள் சுற்றும் கிராங்கையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும் இணைக்கிறது. ஓடும்போது அது அறுந்தால், திறந்திருக்கும் வால்வு மேல் பிஸ்டன் ஏறி இடிக்கும். அதற்குப் பிறகு வண்டியின் விலையைவிட ரிப்பேர் அதிகம். என்னுடைய பெல்ட்டுக்கு எட்டு வருடம், 1,23,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. ரப்பருக்குக் கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. வண்டி ஷெட்டில் நின்றாலும் எஞ்சின் சூட்டிலும் ஆயில் ஆவியிலும் அது இறுகிக்கொண்டேதான் இருக்கும். பெல்ட்டை மட்டும் தனியாக மாற்றக் கூடாது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், அது உருண்டு ஓடும் ஐட்லரும், வாட்டர் பம்ப்பும் சேர்த்துத்தான் என்றார். ஏனென்றால் இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போகும்.

கழற்றும் நாளில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நிற்கலாமா என்று கேட்டதற்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்கள். ஃப்ளைவீலில் ஒரு பின், கேம் புல்லியில் ஒரு பின் போட்டு இரண்டையும் அசையாமல் பூட்டிவிட்டுத்தான் பெல்ட்டைத் தொட்டார்கள். வெளியே வந்த பெல்ட் எனக்கு நன்றாகவே தெரிந்தது. விரிசல் இல்லை, பல் தேய்மானம் இல்லை. மனதுக்குள் வீண் செலவோ என்ற எண்ணம் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அண்ணன் டென்ஷனரை என் கையில் கொடுத்து, “சுத்துங்க” என்றார். சுற்றினேன், கொரகொரவென்று காய்ந்த சத்தம். உள்ளே கிரீஸ் தீர்ந்திருந்தது. அடுத்து வாட்டர் பம்ப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அதன் கசிவுத் துளையிலிருந்து கீழே ஒரு கோடு, கூலன்ட் சொட்டுச் சொட்டாக வந்து காய்ந்து உப்புப் படிந்திருந்தது. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூலன்ட் ஊற்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். அதுவரை வெயில் காலம், குறையத்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன். கூலன்ட் வெயிலில் குறையாது. மூடிய சுற்று அது. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்று அர்த்தம்.

புது பெல்ட் மாட்டிய பிறகு பின்களை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே பல சுற்று சுற்றி, திரும்பவும் பின்கள் அதே துளைகளில் இறங்குகின்றனவா என்று பார்த்தார்கள். இதற்கே இருபது நிமிடம் ஆனது. வேலை நிதானமாக நடக்கிற இடத்தில் பணம் கொடுக்க எனக்கு வருத்தமே இல்லை. வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் அப்போதே மாற்றியாயிற்று. அது பிய்ந்தால் அதன் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து டைமிங் பெல்ட்டைச் சிக்க வைத்துவிடும் ஆபத்து உண்டு.

அடுத்தது கூலிங். மேல் ஹோஸ் 2019-இல் மாற்றியது, மற்ற ஹோஸ்கள் பதினைந்து வருடப் பழசு. கிள்ளிப் பார்த்தால் ஓரத்தில் நுண்ணிய விரிசல். தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் கூடு வெளுத்துப்போய் இருந்தது, அதையும் மாற்றினோம். இங்கே எனக்கும் அண்ணனுக்கும் ஒரு சின்ன வாதம். கூலன்ட் டப்பாவை மாற்ற வேண்டாம், இன்னும் தாங்கும் என்றார். அது தேன் நிறத்துக்கு மஞ்சளாகியிருந்தது. செஞ்சியை நினைத்துக்கொண்டு, மாற்றியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சிரித்துக்கொண்டே மாற்றினார். பழைய டப்பாவைக் கழற்றும்போது அடியில் ஹோஸ் மாட்டும் மூக்கு, தொட்டதும் உடைந்து கையோடு வந்துவிட்டது. “நீங்க சொன்னதுதான் சரி சார்” என்று உடனே ஒப்புக்கொண்டார். இப்படி ஒப்புக்கொள்ளும் மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரேக்கில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். சமவெளியில் ஓட்டும்வரை தெரியாது. ஏலகிரியின் பதினாலு கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ஆயில் கொதித்து, குமிழ் வந்து, பெடல் அடிவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். நான் மாற்றி ஐந்து வருடம் ஆகியிருந்தது, பழுப்பாகத் தேநீர் மாதிரி வந்தது. பின்சக்கர வீல் சிலிண்டர் இரண்டிலும் ரப்பரைத் தூக்கினால் உள்ளே ஈரம். முன்சக்கர பிரேக் ஹோஸ் இரண்டு, சிலிண்டர் இரண்டு, ஷூ, ஆயில் எல்லாம் புதிது.

இடது பக்கப் பட்டியலில் கடைசியாக இருந்தது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் பால் ஜாயின்ட். ஆர்ம் புஷ் தேய்ந்தால் பள்ளத்தில் டக்டக்கென்று சத்தம் வரும், அது வலது பக்கப் பட்டியல். ஆனால் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். வண்டியின் இடப்பக்கச் சக்கரத்தில் ஆட்டம் இருந்தது. இரண்டு பக்க ஆர்மும் முழுதாகவே மாற்றினோம், புஷ்ஷும் அதோடு புதிதாகிவிட்டது.

இனி வலது பக்கப் பட்டியல். மதிப்பீட்டில் பெரிய தொகைகள் எல்லாம் இங்கேதான் இருந்தன. கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கிறது. 2018-இல் போட்டது, 1,07,000 ஓடியிருக்கிறது. “நாலாம் கியர்ல மேடு ஏறும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா வாங்க. அதுக்கு முன்னாடி வேணாம்” என்றார். ஒரு எச்சரிக்கை மட்டும் சொன்னார். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் சிலிண்டர் கசிந்தால் அந்த மட்டம் குறையும், அதனால் வாரம் ஒருமுறை மூடியைத் திறக்காமல் பக்கவாட்டில் கோட்டைப் பாருங்கள் என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குச் சூடு கொடுக்கும் குளோ பிளக்கைப் பற்றிக் கேட்டதற்கு, நம் ஊர் மார்கழிக்கு இந்த எஞ்சின் தானாகவே ஸ்டார்ட் ஆகும், தேவையில்லை என்றார். எஞ்சின் ஃப்ளஷ் கூடவே கூடாது, இத்தனை வருடம் ஒழுங்காக ஆயில் மாற்றிய எஞ்சினில் எதைக் கழுவப் போகிறார்கள், கழுவிய கசடு போய் ஆயில் வழியில் அடைத்தால் டர்போ போகும் என்றார். பேட்டரியை லோடு போட்டுச் சோதித்து நன்றாக இருக்கிறது என்றார், விட்டுவிட்டோம். ஏ.சி. குளிர்கிறது, விட்டுவிட்டோம்.

ஒன்றை மட்டும் வலது பக்கத்திலிருந்து நானே கேட்டு முடித்துக்கொண்டேன். முதல் இன்ஜெக்டர் பக்கம் சில மாதமாக ‘சிக் சிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம், சுற்றிலும் தார் மாதிரி கறுப்பு. அடியில் இருக்கும் செம்பு வாஷர் தேய்ந்து எஞ்சினுக்குள் எரிந்த புகை கசிகிறது. வாஷர் சில பத்து ரூபாய். விட்டுவைத்தால் அந்தத் தார் இறுகி இன்ஜெக்டர் பிறகு வெளியே வராது.

டயர் அண்ணனின் வேலை இல்லை. ஆனால் அவர்தான் டயரின் பக்கச்சுவரில் இருந்த நாலு எண்ணைக் காட்டினார், 3117. 2017-ஆம் வருடத்தின் 31-ஆவது வாரத்தில் செய்தது. காடி இன்னும் மூன்று மில்லிமீட்டர் இருந்தது, சட்டப்படி 1.6 போதும். ஆனால் எட்டு வயது ரப்பர், காடிகளுக்கு இடையே வெடிப்பு விட்டிருந்தது. இரவில் மகளை ஏற்றிக்கொண்டு நாலு வழிச்சாலையில் போக மனம் வரவில்லை. டயர் கடையில் 175/65 ஆர்14 நாலும் 17,200.

பில்லை அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவும். டைமிங் கிட், வாட்டர் பம்ப், வெளி பெல்ட் 12,900. கூலிங் பாகங்களும் கூலன்ட்டும் 6,700. பிரேக் 6,400. ஆயில், மூன்று ஃபில்டர், வாஷர்கள் 6,100. ஆர்ம் இரண்டும் 5,600. கூலி 8,500. ஆக 46,200. டயரோடு 63,400. புது காரின் ஐந்து மாதத் தவணை ஏறக்குறைய அவ்வளவுதான் வருகிறது. 85,000 ரூபாய் வண்டிக்கு 63,400 போடலாமா என்று என் மைத்துனர் கேட்டார். அந்த 85,000-க்கு இவ்வளவு நம்பிக்கையான, பதினைந்து வருடமாக ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரிந்த இன்னொரு வண்டியை அவரால் வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஆனால் ஒன்று, பாடி துருப்பிடித்திருந்தாலோ, குப்பிச் சோதனையில் நாலு இன்ஜெக்டரும் தோற்றிருந்தாலோ, ஆயில் வாயில் புகை தள்ளியிருந்தாலோ நான் இந்தப் பணத்தைப் போட்டிருக்க மாட்டேன். முதலில் அந்தச் சோதனைகள், அப்புறம்தான் பெல்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பட்டறையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் என்றவர்கள் ஐந்து நாள் எடுத்தார்கள். வந்த வாட்டர் பம்ப் பெட்ரோல் எஞ்சினுக்கானது, திருப்பி அனுப்பி வாங்கியதில் மூன்று நாள் போனது. வண்டி எண்ணைச் சரியாகச் சொல்லி ஆர்டர் போட்டிருக்க வேண்டும். வேலை நேரத்தில் போனை எடுக்கவே மாட்டார். மாலை ஆறு மணிக்கு மேல் அவரே கூப்பிடுவார், அதுவரை நமக்குத்தான் படபடப்பு. வெளி பெல்ட்டை நான் கேட்ட கம்பெனியில் போடாமல் வேறு நல்ல கம்பெனியில் போட்டுவிட்டுப் பிறகுதான் சொன்னார். விலை வித்தியாசம் இல்லை என்றாலும் முன்பே கேட்டிருக்கலாம். பில் கையால் எழுதியது, ஜி.எஸ்.டி. எண் கிடையாது. அலுவலகத்தில் காட்டிப் பணம் வாங்க வேண்டியவர்களுக்கு இது ஆகாது. பெண்கள் வந்து உட்கார ஒரு நல்ல இடம் இல்லை, கழிப்பறை வசதியும் இல்லை. என் மனைவி வண்டியை விட வந்தபோது பட்ட சிரமத்தை அண்ணனிடமே சொன்னேன். பக்கத்து மளிகைக்கடை அக்காவிடம் சொல்லி வைக்கிறேன் என்றார். அது போதாது.

பிடித்தவை இன்னும் இரண்டு. கழற்றிய எல்லாப் பழைய பாகங்களையும் ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் வைத்துக் கொடுத்தார்கள், நான் கேட்காமலே. பாகங்களை நாமே வாங்கிவரவும் விடுகிறார். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளில் லிங்க் ராடும் ஃபில்டரும் விலை குறைவாகக் கிடைக்கும் என்றேன். தாராளமாக வாங்கி வாருங்கள் என்றார். “ஆனா டைமிங் கிட்டும் பிரேக்கும் மட்டும் ஒரிஜினல். அதுல மிச்சம் பிடிக்காதீங்க” என்று குரலை உயர்த்தியே சொன்னார்.

அக்டோபர் கடைசியில் எஃப்.சி.க்குக் காட்டினேன். பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்த்துவிட்டுப் புதுப்பித்துக் கொடுத்தார்கள், இன்னும் ஐந்து வருடம். அதன் பிறகு 3,900 கிலோமீட்டர் ஓடியாயிற்று. அதில் ஒரு திருநெல்வேலிப் பயணமும் அடக்கம். கூலன்ட் மட்டத்தை டப்பாவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், கோட்டை விட்டு இறங்கவில்லை. ‘சிக் சிக்’ சத்தம் போய்விட்டது. அதற்குப் பழகிப்போயிருந்த காது, முதல் இரண்டு நாள் அதைத் தேடியது.

போக நினைப்பவர்கள் காலை ஒன்பதரைக்குள் போங்கள். ஞாயிறு விடுமுறை. வண்டியின் பழைய பில்கள் அனைத்தையும், முக்கியமாக டைமிங் பெல்ட் பில்லை, கையோடு கொண்டுபோங்கள். பில் இல்லை என்றால், எப்போது மாற்றினேன் என்று யோசித்து நிற்க வேண்டாம், மாற்றவில்லை என்றே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.